வீட்டு ஓவனின் சூட்டைச் சோதித்தறியும் முறை

கேழ்வரகு, கம்பு, சாமை முதலிய தானியங்களை மாவாக்கிப் பிஸ்கோத்தும் ரொட்டியும் செய்து விற்பது இந்நாளில் பல கிராமங்களில் ஒரு குடிசைத் தொழிலாக நடைபெற்று வருகிறது. ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் வருஷத்தைச் சர்வதேசச் சிறுதானிய வருஷமாகக் கொண்டாடியபோது இத்தொழிலைப் பற்றிய பேச்சு எங்கும் எழுந்தது. இதற்கென வாங்கப்படும் மின்சார ஓவனைக் கொண்டு வேறொரு காரியமும் செய்துகொள்ளலாம். நெல்லை விற்பனைக்குக் கொண்டுபோகுமுன் அதில் ஈரம் எவ்வளவு உள்ளதென்று வீட்டிலேயே கண்டறிவதே அது. ஆயினும் இவ்விரு காரியங்களும் ஒரே விஷயத்தைப் பொறுத்தே நிற்கின்றன. குமிழை 180 என்ற எண்ணில் திருப்பி வைத்தால் உள்ளே உண்மையில் 180 டிகிரி இருக்கிறதா என்பதே அவ்விஷயம்.

பெரும்பாலோர் இருக்கிறதென்றே நம்பிவிடுகின்றனர். வீட்டு உபயோகத்துக்கென விற்கப்படும் ஓவன்களில் எண்ணுக்கும் சூட்டுக்கும் 10 அல்லது 15 டிகிரி வித்தியாசம் இருப்பது சாதாரணம். அதனினும் மிகுதியாக இருப்பதும் அபூர்வமன்று. கடைக்காரர் எழுதிக்கொடுக்கும் உத்தரவாதம் தகட்டுக்கும் கம்பிக்கும் உரியதேயன்றிக் குமிழைச் சுற்றி அச்சிட்ட எண்களுக்கு உரியதன்று. பிஸ்கோத்து ஒரு நாள் கருகி, மறு நாள் நடுவில் வேகாமல் நின்றால், மாவையும் வெண்ணெயையும் பிசைந்த கையையும் குறை சொல்லுவதே வழக்கமாயிருக்கிறது. வேகாத பிஸ்கோத்தில் ஈரம் தங்கிவிடுவதால், அதை உறையிலிட்டு மூடிய சில தினங்களுக்குள் பூஞ்சணம் பற்றி, விற்ற சரக்கு திரும்பி வந்துவிடும்.

ஓவன் சூட்டை அடக்கும் விதம்

ஓவனுள் மேலும் கீழும் மின்சாரக் கம்பிகள் உள. இவை சிறுகச் சிறுக எரிவதில்லை. முழுச் சூட்டுடன் எரியும், அன்றேல் முற்றும் அணைந்திருக்கும். இவற்றை எரியவும் அணையவும் செய்வது குமிழின் பின்னேயுள்ள 'தெர்மோஸ்டாட்' என்னும் கருவியாகும். ஓவனின் உட்சுவரை ஒட்டி மெல்லிய உலோகக் குழல் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அதனுள் அடைக்கப்பட்ட திரவம் சூடேறும்போது விரிந்து, ஒரு நுண்குழாயின் வழியாகக் குமிழின் பின்னுள்ள ஒரு தகட்டைத் தள்ளும். தகடு போதிய அளவு தள்ளப்பட்டதும் மின்சாரம் அறும். சூடு தணிந்து திரவம் சுருங்கியதும் மின்சாரம் மறுபடி தொடரும். ஆகவே உள்ளேயுள்ள சூடு ஒரே நிலையில் நிற்பதன்று. குறித்த எண்ணுக்குச் சற்று மேலே ஏறுவதும் கீழே இறங்குவதுமாக ஊசலாடிக் கொண்டேயிருக்கும். சிறிய ஓவன்களில் இவ்வூசல் 20 டிகிரியும் அதற்கு மேலும் இருக்கக்கூடும்.

மேற்படி குழல் சுவரோரத்தில் இருக்கிறது; ரொட்டித் தட்டோ நடுவில் இருக்கிறது. சுவரோரத்துச் சூட்டைக் கொண்டு நடுவின் சூட்டை ஆளும் இவ்வேற்பாட்டில் கொஞ்சம் பிழை புகுவது தவிர்க்கமுடியாதது. கதவின் ஓரத்துப் பட்டை தேய்ந்து சூடு வெளியே கசிவதும், குழலின்மேல் நெய்ப்பிசுக்கு ஏறுவதும், துடைக்கும்போது குழல் தன் பிடியினின்றும் நழுவிச் சுவரைத் தொட்டுக்கொண்டிருப்பதும் அப்பிழையைப் பெருக்குகின்றன. இங்கிலாந்தில் 1923-ஆம் வருஷத்தில் 'ரெகுலோ' என்னும் தெர்மோஸ்டாட் காஸ் அடுப்புகளில் வருமுன், சமையல் செய்வோர் கையை உள்ளே நீட்டியும், தளத்தில் மாவைத் தூவி அது சிவக்கும் நேரத்தைக் கணக்கிட்டும் சூட்டை மதிப்பிட்டனர். கருவி வந்தபின் அவ்வழக்கம் மறைந்தது. கூடவே சோதித்துப் பார்க்கும் வழக்கமும் மறைந்துவிட்டது.

'மைக்ரோவேவ்' ஓவன் மட்டும் வேறு ஜாதியைச் சேர்ந்தது. அது உள்ளேயுள்ள காற்றைச் சுடச்செய்யாமல் பண்டத்திலுள்ள நீரையே முக்கியமாகச் சுடச்செய்வதாகையால், இங்குக் கூறப்படும் சோதனைகள் அதற்குப் பொருந்தா.

முதலில் உஷ்ணமானியைச் சோதித்தல்

ஓவனுள் வைப்பதற்கென்றே செய்த உஷ்ணமானி சொற்ப விலைக்குக் கிடைக்கிறது. வட்ட முகமும் முள்ளும் உடையது ஒரு வகை. கம்பிவாலின் நுனியில் சூட்டையறிந்து வெளியேயுள்ள பெட்டியில் எண்ணைக் காட்டுவது மற்றொரு வகை. பின்னதே மேலானது, கதவைத் திறவாமலே சூட்டைப் படிக்கலாம். காய்ச்சலுக்கு வைத்துப் பார்க்கும் உஷ்ணமானி ஏறத்தாழ 42 டிகிரிக்கு மேல் காட்டாது. ஓவனுள் வைத்தால் வெடித்துவிடும். பாதரசம் அடைத்த எந்தக் கண்ணாடி உஷ்ணமானியையும் ஆகாரம் வேகும் ஓவனுள் வைக்கலாகாது. உடைந்தால் அதன் ஆவி விஷம்.

தூரத்திலிருந்து குறிபார்க்கும் 'இன்ஃப்ராரெட்' துப்பாக்கியைச் சிலர் சிலாகிக்கின்றனர். அது காற்றின் சூட்டைக் காட்டாது. எதிரேயுள்ள பரப்பின் சூட்டையே காட்டும். பளபளப்பான தகரத்தின்மேல் காட்டினால் அந்த எண்ணும் பிழைபடும்.

சோதிக்கும் கருவியே பிழையாயிருப்பின் சோதனையால் பயனில்லை. ஆதலால் கம்பிவால் உஷ்ணமானியை முதலில் இரண்டிடங்களில் பார்த்துக்கொள்ளவேண்டும். நொறுக்கிய பனிக்கட்டியை ஒரு குவளை நிறையப் போட்டு, இடைவெளி நிரம்பும் அளவே நீர் வார்த்து, நன்கு கலக்கி நுனியை நடுவில் வைத்தால் பூஜ்யம் காட்டவேண்டும். அடுத்து, கொதிக்கும் நீரில் நுனி பாத்திரத்தின் அடியைத் தொடாமல் வைத்துப் பார்க்கவேண்டும். தஞ்சை, நாகை போன்ற சமவெளி ஜில்லாக்களில் 100 டிகிரி சென்டிகிரேடு காட்டும். உயரமான இடங்களில் நீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி குறையும் என்பது கணக்கு. கோயமுத்தூரில் 98 அல்லது 99, ஏற்காட்டில் 95, சுமார் 2,240 மீட்டர் உயரமுள்ள உதகமண்டலத்தில் 92 அல்லது 93 டிகிரியிலேயே நீர் கொதிப்பதைக் காணலாம். மலைப்பிரதேசத்து விவசாயி தம் கருவி 93 காட்டியதைக் கண்டு அதைப் பழுதென்று எறிந்துவிடவேண்டியதில்லை. இரண்டிடத்திலும் ஒரே அளவு வித்தியாசம் இருப்பின், அதைக் குறித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் கூட்டியோ கழித்தோ கொள்ளலாம். வட்டமுகக் கருவியை நீரில் முக்கலாகாதாகையால், சோதித்த கம்பிவால் கருவி ஒன்றை இரவல் வாங்கி, இரண்டையும் ஓவனுள் அருகருகே வைத்து ஒப்பிடுவதே வழி.

ஓவனைச் சோதிக்கும் முறை

ஓவனைக் காலியாக்கி, கம்பித்தட்டை நடுப்படியில் வைத்து, உஷ்ணமானியின் நுனியை அதன் மையத்தில் எதையும் தொடாதபடி நிறுத்தவேண்டும். குமிழை 180-இல் வைத்து மின்சாரம் விடுக. சிறிது நேரத்தில் விளக்கு அணையும். ஓவன் தயாராகிவிட்டதென்று பலர் அப்போதே தட்டை உள்ளே வைத்துவிடுகின்றனர். இது பெரும் பிசகு. முதல் தடவை விளக்கு அணையும்போது கம்பிகள் மட்டும் செந்நிறமாய்ச் சுட்டிருக்கும். சுவர்கள் இன்னும் சூடேறியிரா. அதனால் சூடு முதலில் குறித்த எண்ணுக்கு வெகு மேலே பாய்ந்து, பின் கீழே விழுந்து, இரண்டு மூன்று தடவை ஏறியிறங்கிய பின்பே நிதானப்படும். ஆகையால் அரைமணி நேரம் கழித்தே கணக்கெடுக்கத் தொடங்கவேண்டும். கதவைத் திறத்தல் கூடாது. திறந்த மாத்திரத்தில் பல டிகிரி இறங்கிவிடும்.

அதன் பின்னர், விளக்கு எரிந்து அணைந்தபின் முள் எட்டும் உச்சத்தையும், மறுபடி எரியுமுன் இறங்கும் தாழ்வையும் மூன்று தடவை எழுதிக்கொள்ளவேண்டும். உதாரணமாக உச்சம் 182, 181, 183 என்றும், தாழ்வு 158, 160, 159 என்றும் வந்ததாகக் கொள்வோம். உச்சத்தின் சராசரி 182. தாழ்வின் சராசரி 159. இரண்டுக்கும் நடு 170½. குமிழ் 180 என்று சொல்ல, ஓவன் நடைமுறையில் 170 டிகிரி தருகிறதென்பது தெளிவு. ஒரே ஒரு தடவை கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தவர் 182-ஐக் கண்டு திருப்தியடைந்திருப்பார். மற்றொருவர் 158-ஐக் கண்டு ஓவனையே பழித்திருப்பார்.

180-இல் 10 டிகிரி குறைவதனால் எல்லா எண்ணிலும் 10 குறையுமென்று கொள்வதும் சரியன்று. 130-இல் சரியாகவும் 220-இல் 25 டிகிரி குறைவாகவும் இருக்கும் ஓவன்கள் உண்டு. எந்தெந்தச் சூடு வேண்டியிருக்கிறதோ அந்தந்த எண்ணில் தனித்தனியே சோதிக்கவேண்டும். ஆங்கிலச் சமையற் குறிப்புகளைப் பார்த்துச் செய்வோர், அவற்றில் 350 என்று கண்டால் அது பெரும்பாலும் பாரன்ஹீட் கணக்கென்றும், சென்டிகிரேடில் 177 ஆகுமென்றும் அறியவேண்டும்.

சூடு எங்கும் சமமாக இருக்கிறதா என்பது வேறு கேள்வி. கடை ரொட்டித் துண்டுகளைக் கம்பித்தட்டு முழுவதும் இடைவெளியின்றிப் பரப்பி, சூடேறிய ஓவனில் 180-இல் பத்து நிமிஷம் வைத்தெடுத்தால், எங்கே கருத்தது எங்கே வெளுத்தது என்பது படம் வரைந்தாற்போல் தெரியும். கதவின் பக்கம் வெளுப்பதும் பின்மூலை கருப்பதும் சகஜம். அவ்வாறாயின், பாதி நேரத்தில் தட்டை முன்பின்னாகத் திருப்பி வைப்பதே பரிகாரம்.

உஷ்ணமானி இல்லாதபோது

உஷ்ணமானி கிடைக்காதவிடத்து வெள்ளைச் சர்க்கரையைக் கொண்டு ஓரளவு நிதானிக்கலாம். சுத்தமான சர்க்கரை ஏறத்தாழ 186 டிகிரியில் உருகும். அரைமணி சூடேற்றிய ஓவனைக் குமிழில் 175 ஆக வைத்து, அலுமினியத் தாளாற் செய்த சிறு கிண்ணத்தில் ஒரு கரண்டிச் சர்க்கரையை 15 நிமிஷம் வைத்தால் அது உலர்ந்த மணலாகவே இருக்கவேண்டும். பின் குமிழை 190-க்கு ஏற்றிப் புதிய சர்க்கரையை மற்றொரு 15 நிமிஷம் வைத்தால் உருகவேண்டும். 175-இலேயே உருகுமாயின் ஓவன் மிஞ்சிய சூடுடையது. 190-இலும் உருகாதாயின் சூடு போதாதது. நேரத்தை நீட்டலாகாது; வெகுநேரம் வைத்தால் 186 டிகிரிக்குக் கீழேயே சர்க்கரை மெல்லச் சிதைந்து பழுப்பாகி இளகத் தொடங்கும். வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் இதற்கு உதவா. அவற்றில் கலந்துள்ள பிற வஸ்துக்கள் உருகும் நிலையை மாற்றிவிடும். இச்சோதனை அந்த ஒரு சூட்டை மட்டுமே காட்டுவதாகையால், கீழே வரும் 130 டிகிரி வேலைக்கு இதை நம்புதல் தகாது. உருகிய சர்க்கரை தோலில் ஒட்டினால் ஆழமாகச் சுடும். குழந்தைகளை அருகே விடலாகாது.

நெல்லின் ஈரமும் ஓவனின் பிழையும்

ஓவனின் சூடு தவறினால் பிஸ்கோத்தில் நேரும் நஷ்டம் ஒரு தட்டோடு போகும். நெல்லின் காரியம் அப்படியன்று. மத்திய சர்க்கார் விதித்துள்ள தரத்தின்படி கொள்முதலுக்கு வரும் நெல்லில் ஈரம் 17 சதவிகிதத்துக்கு மேற்படலாகாது. மழை மிகுந்த பருவங்களில் இவ்வரம்பு உத்தரவினால் தளர்த்தப்படுவதுண்டெனினும், அதை எதிர்பார்த்து ஈரநெல்லை ஏற்றிச் செல்லுதல் விவேகமாகாது. வண்டி வாடகை கொடுத்து நேரடிக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோன நெல் ஈரமென்று நிறுத்தப்பட்டால், அங்கேயே களத்தில் கொட்டி உலர்த்தி, இரவு மழைக்குக் காவலும் இருக்கவேண்டி வருகிறது. விதைநெல்லுக்கோ வரம்பு இன்னும் கடினம். சாதாரணச் சாக்கில் வைக்கும் விதைநெல் 13 சதவிகிதத்துக்கு மேல் ஈரமுடையதாயிருத்தல் கூடாதென்பது விதைச்சான்று விதி.

ஓவனில் ஈரத்தைக் கண்டறியும் முறை சுலபமானது. குவியலின் மேலும் நடுவும் அடியுமாக ஐந்தாறிடங்களில் எடுத்துக் கலந்த நெல்லில் ஒரு பிடியை நுண்மையாக அரைக்கவேண்டும். மேற்பரப்பிலிருந்து மட்டும் எடுத்தால் அது வெயிலில் காய்ந்த நெல்லையே காட்டும். அரைப்பதைத் தாமதமின்றி, மிக்ஸி சூடேறாதபடி விட்டுவிட்டுச் செய்து, மாவை உடனே மூடிவைக்கவேண்டும். இல்லையெனில் ஈரம் அப்போதே பறந்துபோம். மூடியுள்ள ஒரு சிறு உலோக டப்பியை மூடியுடன் எடைபார்த்து, அதில் சரியாக 10 கிராம் மாவையிட்டு, மூடியைத் திறந்து டப்பியின் அடியில் வைத்து, 130 டிகிரியில் நிதானப்பட்டுள்ள ஓவனின் நடுவில் வைக்கவேண்டும். கதவு திறந்ததால் இறங்கிய சூடு மறுபடி 130-ஐ எட்டிய நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கணக்கு. பின்பு மூடியை இறுக்கி, ஆறவிட்டு நிறுக்கவேண்டும். திறந்தபடி ஆறவிட்டால் உலர்ந்த மாவு காற்றின் ஈரத்தைக் குடித்துவிடும். 10 கிராம் 8.30 ஆகக் குறைந்தால் போனது 1.70 கிராம்; ஈரம் 17 சதவிகிதம். தராசு கிராமில் நூற்றிலொரு பங்கு காட்டுவதாயிருக்கவேண்டும். பத்திலொரு பங்கு காட்டும் சமையல் தராசில் ஒரு புள்ளி பிசகினாலே ஈரக் கணக்கில் ஒரு சதவிகிதம் பிசகிவிடும். நகை நிறுக்கும் சிறு மின்தராசு போதுமானது.

ஓவனின் பிழை விளையாடுமிடம் இதுவே. குமிழ் 130 என்று நிற்க, உள்ளே 110 டிகிரியே இருப்பின் இரண்டு மணியில் ஈரம் முழுதும் வெளியேறாது. டப்பி 8.45 கிராம் காட்டுமானால், 15½ சதவிகிதமே ஈரமென்று விவசாயி மகிழ்ந்து வண்டி பூட்டுவார். நிலையத்தின் கருவி 17 காட்டும். கருவியில் சூதிருப்பதாக முறையீடு கிராம நிர்வாக அலுவலரிடம் வந்து சேரும். ஓவன் 150 டிகிரிக்கு ஏறியிருந்தாலோ, நீரோடு மாவின் பிற வஸ்துக்களும் சிதைந்து பறக்க, உள்ளதைவிட அதிக ஈரம் தெரியும். உலர்ந்த நெல்லை மேலும் காய்ச்சி, எடையையும் இழந்து, அரவையில் நொய்யும் மிகுதியாகப் பெறுவார். இவ்விரு நஷ்டங்களில் எது தம்முடையதென்பது ஓவனைச் சோதியாதவருக்குத் தெரிய வழியில்லை.

முன்கூறிய ஊசல் இவ்வேலைக்கு இடையூறானது. ஓவனின் அடித்தட்டில் நன்கு உலர்ந்த செங்கல் ஒன்றோ இரண்டோ, கீழ்க்கம்பியைத் தொடாதபடி வைத்தால், அவை சூட்டைப் பிடித்துவைத்து ஊசலைக் குறைக்கும். அப்போது ஒரு மணி நேரமாவது முன்னதாகச் சூடேற்றவேண்டும். ஈரமான செங்கல் வெடிக்கக்கூடும். இதே ஓவனில் அவ்வேளையில் வேறெந்த ஈரமான பண்டத்தையும் வைக்கலாகாது. இவ்வளவு செய்தும் வீட்டு ஓவன் பரிசோதனைச்சாலையின் உலர்த்தும் பெட்டிக்கு நிகராகாது. கிடைக்கும் எண் வண்டி பூட்டலாமா, இன்னொரு நாள் காய வைக்கலாமா என்று தீர்மானிக்கப் போதும். நிலையத்தாருடன் வாதாடுவதற்கான சாக்ஷியம் ஆகாது. 17-ஐ ஒட்டி வந்தால் இன்னும் ஒரு வெயில் காட்டுவதே உத்தமம்.

விதைநெல்லையே ஓவனில் உலர்த்த நினைப்பவரும் உளர். விதை 43 டிகிரிக்கு மேல் சூடேறினால் முளைப்புத்திறன் கெடத் தொடங்கும். ஈரம் மிகுந்த விதை அதனினும் விரைவில் கெடும். பல ஓவன்களில் குமிழின் ஆரம்ப எண்ணே 50-க்குக் குறையாது. எனவே இது முற்றும் விலக்கத்தக்கது.

மின்சாரமும் திருத்தமும்

பம்பு செட்டுகள் ஓடும் வேளையில் மின்னழுத்தம் தாழும் கிராமங்களில், ஓவனைப் பற்றிய புகார்களிற் பாதி மின்சாரத்தைச் சேர்ந்தது. 230 வோல்ட்டு 184 ஆக, அதாவது ஐந்தில் நான்கு பங்காகக் குறைந்தால், சூடு ஐந்தில் நான்கு பங்காக நில்லாது. 100-க்கு 64 பங்காகக் குறையும். 1,200 வாட் ஓவன் 768 வாட்டாகிவிடும். குறைந்த எண்களில் தெர்மோஸ்டாட் தாமதமாயினும் அதே சூட்டில்தான் அணைக்கும்; ஆனால் 220, 230 போன்ற எண்களை ஓவன் எட்டாமலே விளக்கு எரிந்துகொண்டிருக்கும். ஆகவே சோதனை நடக்கும்போது மின்னழுத்தம் என்னவென்றும் எழுதிவைப்பது நலம். 1,500 வாட் ஓவன் ஆறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதைச் சாதாரணச் சிறு பிளக்கில் சொருகாமல், நிலத்தொடர்புள்ள 16 ஆம்பியர் பிளக்கிலேயே சொருகவேண்டும்.

வித்தியாசம் கண்டபின் திருத்துவதற்கு இரு வழிகள் உண்டு. எண்காட்டும் மின்னணு ஓவன்கள் சிலவற்றில் அதன் புத்தகத்தில் கூறியபடி சில டிகிரிகளைக் கூட்டியோ குறைத்தோ நிலைநிறுத்தலாம். குமிழுள்ள சிலவற்றில் குமிழின் நடுத்தண்டினுள் ஒரு சிறு திருகு இருக்கும். அதைத் தொடுவது மின்வேலை அறிந்தவரின் வேலை, அதுவும் பிளக்கைக் கழற்றிய பிறகே. இவ்விரண்டையும்விட, ஒரு தாளில் 130-க்கு இவ்வளவு, 180-க்கு இவ்வளவு என்று குமிழ் நிற்கவேண்டிய எண்களை எழுதி ஓவனின் மேலே சுவரில் ஒட்டிவிடுவது செலவற்றதும் பிழைக்கு இடந்தராததுமாகும். வித்தியாசம் ஒரே சீராக இருக்குமட்டும் அத்தாள் போதும். இன்று 10 டிகிரி குறைவு, அடுத்த வாரம் 30 டிகிரி மிகுதி என்று அலையுமானால், நுண்குழாயிலுள்ள திரவம் கசிந்திருக்கும், அன்றேல் தெர்மோஸ்டாட்டின் உட்புறத் தொடர்புகள் தீய்ந்திருக்கும். அப்போது தெர்மோஸ்டாட்டையே மாற்றவேண்டும். மாற்றிய பிறகும், ஓவனை வேறிடத்துக்கு எடுத்துச்சென்ற பிறகும், ஒவ்வோர் அறுவடைக்கு முன்னும், புதிதாகச் சோதித்துப் புதிய தாள் ஒட்டவேண்டும்.